தழும்பு இருந்த பக்கம்

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. தூரத்தில் இருந்தால் பாதிதான் காதில் விழும். பாதி கேட்டால் அந்தச் சாமியைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

ரங்கூனில் குண்டு விழுந்து, நம்ம சனங்கள் காடு மலையெல்லாம் நடந்தே ஊர் திரும்பின வருஷம். தொண்டிக்கு வடக்கே கடற்கரைச் சாலை ஓரம் ஒரு பனையோலைக் கொட்டகை. அதற்குப் பேர்தான் மடம். நடந்து வருகிறவர்களுக்கு அங்கே கூழ் ஊற்றுவார்கள். ஊற்றுகிற சாமிக்குக் கூழ்ச்சாமி என்றே பேர் ஆகிவிட்டது. வயசு முப்பத்தைந்து இருந்தால் அதிகம்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பேர் மாசிலாமணி.

குரு சின்னவர், சீடர் பெரியவர். அதனால் குரு திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார்.

"படக்காரரே, கூழுக்கு உப்புப் போட்டீங்களா, இல்ல கடலையே இதுல கவுத்துட்டீங்களா?"

"கை தவறிப்போச்சு சாமி."

"ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. வர்றவன் ஏற்கெனவே அழுது உப்பு குடிச்சுட்டுத்தான் வர்றான்."

படக்காரர் என்ற பேர் சும்மா வரவில்லை. மாசிலாமணி முன்னே தகரப்படம் எடுத்தவர். கப்பல் ஏறுகிற துறையில் கூடாரம் போட்டிருந்தார். மருந்து பூசின மெல்லிசுத் தகரம், ரெண்டு விரல் அகலம். பெட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து பத்து எண்ணினால் முகம் அதில் விழுந்துவிடும். காகிதப்படம் காசு உள்ளவன் வீட்டுக்கு. தகரப்படம் கூலிக்குப் போகிறவன் வீட்டுக்கு. ஒரு வேளைப் பலகாரம் தின்கிற காசுதான். ரங்கூனுக்குப் போகிறவன் தன் முகத்தை எடுத்து, வழியனுப்ப வந்த ஆத்தா கையில் வைத்துவிட்டு ஏணியில் ஏறுவான். அவள் அதை முந்தியில் முடிந்துகொண்டு கப்பல் மறைகிறவரைக்கும் நிற்பாள்.

அந்தப் படத்தில் ஒரு கோளாறு உண்டு. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடது வலதாக விழும். எடுக்கிறவனுக்குத் தெரியும், எடுத்துக்கொள்கிறவனுக்குத் தெரியாது. தன் முகத்தை அவன் கண்ணாடியிலும் கண்மாய்த் தண்ணியிலும் தவிர வேறெங்கே பார்த்தான்? "அட, அப்படியே நானு!" என்று சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

ஒரு திருவிழாவில் மட்டும் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். "எம்பொண்டாட்டி முந்திய இடது தோள்ல போடுறவ. இதுல வலது தோள்ல கெடக்கு. எவ படத்தடா எந்தலையில கட்டுற?" கன்னத்தில் ரெண்டு வைத்தும்விட்டான்.

அன்றையிலிருந்து மாசிலாமணி உஷாராகிவிட்டார். உட்கார்கிறவன் துண்டைத் தோள் மாற்றிப் போடச் சொல்வார். மூக்குத்தி போட்டவளைக் கொஞ்சம் திரும்பி உட்காரச் சொல்வார். படத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். மச்சத்தையும் தழும்பையும் மாற்றிப் போடமுடியாதே. அதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெண்சாதி பேதியில் போன அன்றைக்குக் கூடாரத்தைப் பிரித்தார். ஊரார் முகத்தையெல்லாம் எடுத்தவரிடம் அவள் முகம் ஒன்றுகூட இல்லை. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்றே இருந்துவிட்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூழ்ச்சாமியிடம் வந்து சேர்ந்தார்.

சாமி பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னார்.

"வர்றவன என்ன ஆளுன்னு கேக்கக் கூடாது. வாயில பொய் வரக் கூடாது. நம்ம மடத்துச் சாஸ்திரம் அம்புட்டுத்தான்."

மாசிலாமணி நாலு வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தார்.

ஆடி மாசம், காற்று மண்ணை வாரி இறைக்கிற ஒரு காலை நேரம், ஒருத்தன் வந்தான். வந்தான் என்று எங்கே சொல்ல, தவழ்ந்தான். கன்னம் குழிந்து, பல் நாலைந்து போய், தாடி சடைபிடித்து, முப்பத்தைந்து வயசுக்காரன் ஐம்பத்தைந்து மாதிரி இருந்தான். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. பேர் உடையான் என்றான். பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்தான் அவன் ஊர். பூவாயி மகன்.

"எங்காத்தா இருக்காளா?"

"இருக்கா" என்றார் மாசிலாமணி.

"எங்கய்யா இருக்காரா?"

"அவரு போயி எட்டு வருஷமாச்சப்பா."

ஓலைக்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாங்க பன்னெண்டு பேரு ஒண்ணா நடந்தோம். வந்து சேந்தது நானு. எங்காத்தா கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சாப் போதும். அத நெனச்சுத்தான் காலு நடந்துச்சு."

சாமி அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தார். வெளியே வந்து கையைக் கழுவினார்.

"மூணு நாளு தாங்கும்."

"மருந்து?"

"கொயினா மாத்திரை போன வாரமே தீந்துபோச்சு. ஆத்தாளைக் கூட்டியாங்க. அதுதான் மிச்சம்."

மாசிலாமணி ஓடினார். பூவாயி ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். மகன் வந்திருக்கிறான் என்றதும் கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அந்த வயசில் அப்படி ஒரு ஓட்டம் யாரும் பார்த்ததில்லை. பின்னாலேயே ஊரும் வந்தது.

கொட்டகைக்குள் வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. முந்தியை அவிழ்த்துத் தகரப்படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். குனிந்து அவன் நெற்றி முடியை விலக்கினாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது எம்மவன் இல்ல."

"ஆத்தா, நாந்தான் ஆத்தா."

"எம்மவனுக்குத் தழும்பு இடது புருவத்துல. ஒனக்கு வலதுல இருக்கு."

"அருவாமணை மேல விழுந்தேன்ல? நீதான மஞ்சப்பொடி வச்சுக் கட்டுன?"

பூவாயி ஒரு அடி பின்னால் போனாள்.

"இத ஒனக்குச் சொன்னது யாரு? எம்மவன்கூட வேலை செஞ்சியா? அவன் எங்க? அவன எந்தக் காட்டுல போட்டுட்டு வந்து அவன் பேரச் சொல்ற?"

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. போன மாசம்தான் பக்கத்து ஊரில் ஒருத்தன், செத்தவன் பேரைச் சொல்லி மகனாக வந்து, பத்து நாள் தின்றுவிட்டு, வீட்டிலிருந்த வெள்ளிச் சாமானோடு போய்விட்டான்.

ஊர் அம்பலக்காரர் பொன்னையாவும் எட்டிப் பார்த்தார். "பூவாயி சொல்றது சரிதேன். அந்தப் படத்த ஊரே பாத்திருக்கு. தழும்பு இடப்பக்கம்தேன்." நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பதினேழு வருஷமாக அவள் படத்தைக் காட்டிக் காட்டி, ஊரும் அவனை அந்தத் தகரத்தில்தானே ஞாபகம் வைத்திருந்தது!

மாசிலாமணி அவள் உள்ளங்கையைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு மூலை வெட்டின தகரம். தன் படம் என்று தெரிய அவர் வெட்டுகிற வெட்டு. பூவாயி போய்விட்டாள். ஊரும் போய்விட்டது.

"ஆத்தா எங்க போறா?" என்றான் உடையான்.



மத்தியானம் மாசிலாமணி சாமி முன்னால் போய் நின்றார்.

"சாமி, அந்தப் படம் நான் எடுத்தது. தகரத்துல பக்கம் மாறித்தான் விழும். அவன் அவ மகன்தான்."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? தண்ணி தாகம் எனக்கா?"

போனார். பூவாயி திரும்பவும் ஓலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆனால் கிழிக்கவில்லை. மாசிலாமணி எல்லாவற்றையும் சொன்னார். துண்டைத் தோள் மாற்றிப் போடச் சொன்னதையும் சொன்னார்.

"வேணும்னா குடத்துத் தண்ணியில இந்தப் படத்தக் காட்டிப் பாருங்க. அதுல நேராத் தெரியும்."

அவள் குடத்துப் பக்கமே திரும்பவில்லை.

"இது மாறி விழும்னு ஒங்களுக்கு எப்பருந்து தெரியும்?"

"தொழில் கத்துக்கிட்ட நாள்லேருந்து."

"அன்னைக்கு எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நான் சொல்றதக் கேளுங்க படக்காரய்யா. அவனச் சொமந்தவ நானு. பதினெட்டு வருசம் அந்தத் தலைக்கு எண்ணெய் வச்சவ நானு. தழும்பு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொல்றது நெசம்னா, நான் எம்மவன் மொகத்த மறந்துட்டேன்னு ஆகுது. தகரத்தப் பாத்துத்தான் அவன நெனச்சுக்கிட்டு இருந்தேன்னு ஆகுது. பெத்தவ மறப்பாளா?"

"மறக்க மாட்டா."

"மறக்க மாட்டால்ல? அப்ப நீங்க சொல்றது பொய்."

சொல்லிவிட்டு ஓலையை எடுத்தாள். கிழித்தாள். கோணலாகக் கிழிந்தது.

"போங்கய்யா. இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்துக்கிட்டு வராதீங்க."

மறுநாள் உடையான் தண்ணீரை நிறுத்திவிட்டான். சாமி கரண்டியில் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டான். மாசிலாமணி கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினான். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"குடிச்சுத் தொலையேம்ப்பா" என்று மாசிலாமணி அழாத குறையாகச் சொன்னார்.

"ஆத்தா வரட்டும்."

மூன்றாம் நாள் விடிந்ததும் சாமி அவனை ஒரு தடவை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க படக்காரரே. நான் பேசுறப்ப நடுவுல வாயத் தொறக்காதீங்க."

பூவாயி வீட்டு முற்றத்தில் போய் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"ஆத்தா, நீ சொன்னதுதான் சரி. அவன் ஒம்மவன் இல்ல."

மாசிலாமணி வாயைத் திறந்தார். சாமி திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"யாரு பெத்த புள்ளையோ. காய்ச்சல்ல புத்தி பெரண்டுபோச்சு. பாக்குறவளையெல்லாம் ஆத்தாங்கிறான். ரெண்டு நாளாத் தண்ணி எறங்கல. பெத்தவ எந்த ஊர்ல கெடக்காளோ, தேடிப் புடிக்கப் பொழுதில்ல. இன்னைக்குப் போயிருவான். அவ எடத்துல இருந்து நீ ஒரு வாய் ஊத்துவியா?"

பூவாயி கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"எம்மவனும் எங்கயாச்சும் இப்படிக் கெடந்தா, எவளாச்சும் ஊத்துவால்ல சாமி?"

"ஊத்துவா."

உள்ளே போய்த் தன் வீட்டுச் செம்பில் தன் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தாள். "நடங்க" என்றாள்.

கொட்டகையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். செம்பை வாயில் சாய்த்தாள்.

"குடிய்யா. எஞ்சாமி, குடி. ஆத்தா வந்துட்டேன்ல."

அவன் கண்ணைத் திறந்தான். குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. இன்னும் கேட்டான். இன்னும் ஊற்றினாள்.

"என்னையத் தெரியுதா ஆத்தா?"

பூவாயி சாமியைப் பார்த்தாள். சாமி கூரையைப் பார்த்தார்.

"தெரியாம என்னய்யா? எம்மவன எனக்குத் தெரியாதா?"

அவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். உச்சி வெயில் வருவதற்கு முன்னே மூச்சு நின்றுபோனது. விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "யாரு பெத்த புள்ளையோ, யாரு பெத்த புள்ளையோ" என்று மெதுவாக, அடுத்த வீட்டுச் சாவுக்கு அழுகிற மாதிரி அழுதாள்.

மாசிலாமணி சாமியைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"பொய் சொன்னீங்களே சாமி."

"சொன்னேன்."

"அப்ப மடத்துச் சாஸ்திரம்?"

"ஒங்க கையில நெசம் இருந்துச்சு. முந்தாநாளு கொண்டுபோயி ஊத்திப் பாத்தீங்களே, எறங்குச்சா?"

"சரி, அவன் போயிட்டான். இனிமேலாவது சொல்லணும்ல? தன் புள்ளைய யாரோ எவனோன்னு நெனச்சு அழுறா சாமி. சுடுகாட்டுக்குத் தூக்குறதுக்குள்ள அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அதற்குள் பூவாயியே வந்துவிட்டாள்.

"படக்காரய்யா, ஒங்க பெட்டி இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"இவனப் பெத்தவ எங்கயோ பாதையப் பாத்துக்கிட்டுக் கெடப்பா. எனக்காச்சும் ஒரு படம் இருக்கு. அத வச்சுத்தான் நான் உசுரோட இருக்கேன். அவளுக்கு என்ன இருக்கு? ஒண்ணு எடுத்து வைங்க. என்னைக்காச்சும் தேடிக்கிட்டு வந்தா குடுக்கலாம்."

மாசிலாமணி சாமியைப் பார்த்தார். சாமி, "எடுங்க" என்றார்.

செத்தவனை உட்காரவைத்துப் படம் எடுப்பது அந்தக் காலத்தில் புதுசில்லை. மாசிலாமணியே நிறைய எடுத்திருக்கிறார். பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். பூவாயி அவன் முகத்தைக் கழுவினாள். அம்பட்டரை வரவழைத்துத் தாடியை எடுக்கச் சொன்னாள். தலையை வாரி, திருநீறு பூசினாள். காய்ச்சலும் பசியும் விட்டுப்போன முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன வயசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கொட்டகைக் காலில் சாய்த்து உட்காரவைத்தார்கள். தலை நிற்கவில்லை. அவளே பின்னால் உட்கார்ந்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படத்தில் கை விழாமல் இருக்க அவள்மேல் ஒரு துணியைப் போட்டார்கள்.

நாலு வருஷத்து மருந்து. முதல் தகரம் வெறும் கறுப்பாக வந்தது. ரெண்டாவதைப் போட்டார். பத்து எண்ண வேண்டியதை முப்பது எண்ணினார். தகரத்தை மருந்துத் தண்ணியில் ஆட்டினார்.

முகம் எழும்பி வந்தது.

சவரம் பண்ணின கன்னம். படிய வாரின தலை. இடது புருவத்தில் தழும்பு. பூவாயி முந்தியில் இருக்கிற அதே படம்.

இதுவும் பக்கம் மாறித்தான் விழும் என்று வேலையின் வேகத்தில் மாசிலாமணிக்கே தோன்றவில்லை. தான் வாயால் சொல்லி நிரூபிக்க முடியாதது இப்போது கையில் ஈரமாக நிற்கிறது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நீட்டினால் போதும். அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

"விழுந்துச்சா?" என்றாள் பூவாயி. ஒரு கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையைத் துணிக்கு வெளியே நீட்டினாள். "காட்டுங்க, பாக்குறேன்."

மாசிலாமணி தகரத்தைச் சாமியிடம் காட்டினார். அவர் காதோரம் மெதுவாகக் கேட்டார்.

"குடுத்துரவா சாமி? நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். இதுவே சொல்லிரும்."

சாமி தகரத்தை ஓரமாகப் பிடித்து வாங்கினார். நன்றாகப் பார்த்தார். பிறகு பூவாயியைப் பார்த்தார். அவள் செத்தவன் தலை சரியாமல் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தாள். நீட்டின கை நீட்டினபடி இருந்தது.

வார்னிஷ் பூசி ஆறுகிறவரைக்கும் தகரத்தில் இருக்கிற முகத்துக்குப் பலம் கிடையாது. ஒரு தூசி பட்டாலும் போய்விடும். சாமி கட்டைவிரலை அந்த முகத்தின்மேல் வைத்தார். நெற்றியிலிருந்து தாடைவரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்தார்.

"சரியா விழல ஆத்தா. மருந்து பழசு."

பூவாயி கையை மடக்கிக்கொண்டாள்.

"அப்ப அவளுக்கு ஒண்ணுமே இல்லையா சாமி?"

"நீ பாத்துட்டேல்ல ஆத்தா. தண்ணி ஊத்துன, மொகம் கழுவி விட்ட, தலையத் தாங்கிப் புடிச்சிருக்க. பெத்தவளுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

சொல்லிவிட்டு, வெறுந்தகரத்தை மாசிலாமணி கையில் திருப்பி வைத்தார்.